வயர் வீலை எடுத்துட்டு ஸ்போர்ட் ரிம் போடப் போறீங்களா? முதல்ல ஹப்பைப் பாருங்க

வயர் வீல் அழகுதான், அதுல ரெண்டாவது பேச்சே இல்ல. ஆனா நம்ம கேஎல் மழைக்கும் புழுக்கத்துக்கும் அது படுற பாடு இருக்கே, ஸ்போக்கு ரிம்முல ஏறுற இடத்துல தண்ணி தங்கி நிப்பிள் (ஸ்போக்கு முனையில உள்ள நட்டு) துருப்பிடிச்சு இறுகிடும், அப்புறம் வீல் கோணிப்போச்சுன்னு நேராக்க உட்கார்ந்தா நிப்பிள் திரும்பாது, ஸ்போக்குதான் முறியும். பழைய வகை வீல்ல ஒவ்வொரு ஸ்போக்கும் ரிம்மைத் துளைச்சுக்கிட்டு வரதால உள்ள ட்யூப் போட்டே ஆகணும், இப்ப டயர் கடையில போயி 14 இன்ச் காடி ட்யூப் கேட்டா பையன் கடை முதலாளி தவுக்கேயைப் பாக்குறான், தவுக்கே நம்மளப் பாக்குறாரு. ஜாலான் ஈப்போ பக்கம் ஒரு பள்ளத்துல விழுந்து எழுந்தா ரெண்டு ஸ்போக்காவது லூஸ் ஆகிடும், ஸ்போக்கைத் தட்டிப் பாத்து சரி பண்ணத் தெரிஞ்ச கையும் இங்க குறைஞ்சுக்கிட்டே வருது. அதனால அலாய் ரிம்முக்கு, அதான் ஸ்போர்ட் ரிம்முக்கு, மாறணும்னு நினைக்கிறது தப்பே இல்ல.

"ஐயோ ஒரிஜினல் போயிடுமே"ன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு. எம்ஜி கம்பெனியோட பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காடி எம்ஜிபி 1962ல இருந்து 1980 வரைக்கும் வந்துச்சு, அதுல வயர் வீல் எக்ஸ்ட்ரா காசு குடுத்து வாங்குற ஆப்ஷன்தான், சாதாரணமா வந்தது இரும்பு ரிம், 1970 மாடல்ல இருந்து ரோஸ்டைல் ரிம். 1973ல வந்த எம்ஜிபி ஜிடி வி8க்கு அலாய் நடுவும் இரும்பு ஓரமும் சேர்ந்த வீலைத் தொழிற்சாலையே போட்டுக் குடுத்துச்சு. அதனால வயர் வீல் இல்லன்னா எம்ஜி இல்லன்னு யாராச்சும் சொன்னா கண்டுக்காதீங்க.

ஆனா நிறைய பேர் செய்ற காரியம் என்னன்னா, முதல்ல ஆன்லைன்ல ரிம்மைப் பாத்து, புடிச்சுப் போயி, காசைக் கட்டி, ரிம் வீட்டுக்கு வந்ததுக்கு அப்புறம்தான் காடியை ஜாக்குல ஏத்துறாங்க. ரிம் கடைசியா வாங்க வேண்டிய சாமான். ஹப்பு (வீல் மாட்டுற நடுத் துண்டு) என்ன, ஆக்ஸில் என்ன, எவ்வளவு இடம் இருக்கு, இது மூணும் தெரிஞ்சாதான் எந்த ரிம்முன்னே முடிவு பண்ண முடியும். இங்க நான் எழுதுறது பெரும்பாலும் எம்ஜிபியை வச்சுத்தான், நடுவுல எம்ஜியோட சின்ன காடி மிட்ஜெட்டும், ட்ரையம்ஃப் காடிங்களும் வரும்.

வயர் வீல் எப்படி நிக்குதுன்னு புரிஞ்சுக்கோங்க

சாதாரண ரிம்முல நாலு ஸ்டட்டு, நாலு நட்டு. வயர் வீல்ல அது கிடையாது. ஹப்பு முழுக்க நீள வாக்குல பல்லு வெட்டியிருக்கும், அதுதான் ஸ்ப்ளைன், வீலோட நடுவுலயும் அதே பல்லு உள்பக்கமா இருக்கும், ரெண்டும் கோத்துக்கிட்டு என்ஜின் இழுவையையும் பிரேக் இழுவையையும் தாங்குது. வீலை நடுவுல நேரா பிடிச்சு வைக்கிறது ஸ்ப்ளைன் இல்ல, ஹப்போட அடியில ஒரு சரிவு இருக்கும், வெளிய போடுற பெரிய நட்டுலயும் ஒரு சரிவு இருக்கும், அந்த ரெண்டு சரிவுக்கும் நடுவுல வீல் இறுக்கிப் பிடிக்கப்படுது. காது வச்ச நட்டு, இல்லன்னா எட்டு மூலை நட்டு, ரெண்டும் ஒரே வேலைதான். அமெரிக்காவுக்குப் போன காடிங்கள்ல பாதுகாப்பு சட்டத்தால 1968 வாக்குல காது போயி எட்டு மூலை வந்துச்சு.

இதுல மறக்கவே கூடாத விஷயம் மரை. காடியோட இடது பக்கம் சாதாரண வலது மரை, வலது பக்கம் இடது மரை. எந்தப் பக்கம் நின்னாலும் நட்டோட மேல்பக்கம் காடியோட முன்பக்கத்தைப் பாத்து நகர்ந்தா கழலும், பின்பக்கமா நகர்ந்தா இறுகும். அப்படி வச்சாதான் ஓடும்போது நட்டு தானா இறுகிக்கிட்டே இருக்கும். பழைய காடியில யாரோ ஒரு போர்மேன் (மெக்கானிக்) எப்பவோ ஹப்பைப் பக்கம் மாத்திப் போட்டிருந்தா, ஓட ஓட நட்டு கழண்டு வரும், வீல் தனியா உருண்டு போயிடும். புதுசா வாங்கின காடின்னா முதல் வேலையா இதைச் சரிபாருங்க. அலாய் போட்டாலும் போடாட்டியும் பாருங்க.

இப்ப உங்க முன்னாடி ரெண்டு வழி. ஒண்ணு, இருக்கிற ஸ்ப்ளைன் ஹப்பை அப்படியே வச்சுக்கிட்டு, நடுவுல ஸ்ப்ளைன் உள்ள சென்டர் லாக் அலாய் ரிம் வாங்குறது, மினிலைட் டிசைன்ல எட்டு கை வச்சு எம்ஜிபிக்குன்னே வருது. ரெண்டு, ஹப்பையே மாத்தி நாலு ஸ்டட்டு வச்ச ஹப்பைப் போட்டு சாதாரண அலாய் ரிம் மாட்டுறது. என் கருத்தைக் கேட்டீங்கன்னா ஹப்பு நல்லா இருந்தா முதல் வழி, கண்ணை மூடிக்கிட்டு முதல் வழி. ஹப்பு தேஞ்சு போயிருந்தா எப்படியும் ஹப்பு வாங்கத்தான் போறீங்க, அப்ப ரெண்டாவதை யோசிக்கலாம்.

ட்ரையம்ஃப் வச்சிருக்கிறவங்களுக்கு வேலை சுலபம். டிஆர்6, ஸ்பிட்ஃபயர் இதுலெல்லாம் ஸ்ப்ளைன் துண்டு தனி அடாப்டர், சாதாரண ஹப்பு மேல நாலு நட்டுல மாட்டியிருக்கும், அதைக் கழட்டினா அடியில ஸ்டட்டு வச்ச ஹப்பு ரெடியா இருக்கு. ஆனா அந்த ஸ்டட்டு அடாப்டருக்காகக் குட்டையாக்கப்பட்டிருக்கும், அந்தக் குட்டை ஸ்டட்டுல அலாய் ரிம் மாட்டவே கூடாது, முழு நீள ஸ்டட்டு மாத்தியே ஆகணும்.

ஹப்பு நல்லா இருக்கான்னு பாக்குறது

காடியை சமதளத்துல நிப்பாட்டுங்க, ஒரு ஆளை உள்ள உட்கார வச்சு கால் பிரேக்கை அழுத்தச் சொல்லுங்க, ஒரு வீலை மட்டும் தரையில இருந்து லேசா தூக்கி, டயரை ரெண்டு கையால பிடிச்சு முன்னும் பின்னும் சுத்துற மாதிரி ஆட்டுங்க. ஹப்பு அசையாம வீல் மட்டும் டக் டக்குன்னு ஆடுச்சுன்னா ஸ்ப்ளைன் தேஞ்சிருக்கு. ஓட்டும்போதும் தெரியும், கியர் போட்டு கிளட்ச் விடுற நேரத்துல ஒரு டிங், பிரேக் போடும்போது இன்னொரு டிங். நிறைய பேர் இதை யூனிவர்சல் ஜாயிண்ட்டுன்னு நினைச்சு அதை மாத்திட்டு, அப்புறமும் சத்தம் போகலன்னு சுத்திக்கிட்டு இருப்பாங்க.

வீலைக் கழட்டி பழைய கிரீஸை மண்ணெண்ணெய்ல சுத்தமா துடைச்சுட்டு பல்லைப் பாருங்க. துடைக்குறதுக்கு முன்னாடி கிரீஸோட நிறத்தையும் பாருங்க, செங்கல் பொடி கலந்த மாதிரி செவப்பா இருந்தா உள்ள இரும்பும் இரும்பும் உரசிக்கிட்டு இருந்திருக்குன்னு அர்த்தம். புது ஹப்புல ஒவ்வொரு பல்லோட உச்சியும் தட்டையா இருக்கும், தேஞ்சதுல அது கூர்மையாகி, ஒரு பக்கமா சாஞ்சிருக்கும், நகத்தை வச்சு இழுத்துப் பாத்தா ஒரு பக்கம் வழுக்கும், இன்னொரு பக்கம் நகத்துல மாட்டும். பின்ஹப்பு ரெண்டையும் நல்லா பாருங்க, இழுவை எல்லாம் அங்கதான். தேஞ்ச ஹப்பு மேல புது ரிம் போட்டா அந்த ஹப்பு புது ரிம்மோட பல்லையும் தின்னுடும், அப்புறம் ரெண்டும் போச்சு. ஹப்பு சந்தேகம்னா ரிம் ஆர்டர் போடாதீங்க, முதல்ல ஹப்பு.

அடுத்தது மரை கணக்கு. எம்ஜி ஹப்புல ஒரு இன்ச்சுக்கு 12 மரை உள்ளதும் இருக்கு, 8 மரை உள்ளதும் இருக்கு. ஒரு இரும்பு ஸ்கேலை மரை மேல வச்சு ஒரு இன்ச்சுக்குள்ள எத்தன வருதுன்னு எண்ணிக்கோங்க, நட்டு ஆர்டர் பண்ணும்போது கட்டாயம் கேப்பாங்க. நாலு ஹப்பும் ஒரே மாதிரி இருக்கும்னு நம்பாதீங்க, அறுபது வருஷத்துல யாரு எதை மாத்தினாங்கன்னு யாருக்குத் தெரியும். அலாய் ரிம்மோட நடுப்பகுதி வயர் வீலை விட தடிப்பா இருக்கலாம், அதனால பழைய நட்டே போதுமா, இல்ல அந்த ரிம்முக்குன்னு தனி நட்டு வேணுமான்னு விக்கிறவங்ககிட்ட எழுத்துல கேட்டு வாங்குங்க.

ஸ்ப்ளைன் அலாய் மாட்டுற முறை

ஹப்பை பளிச்சுன்னு துடைங்க. ரிம்மை முதல்ல டயர் இல்லாம சும்மா ஏத்திப் பாருங்க, இது ரொம்ப முக்கியம், டயர் போட்டுட்டா திருப்பிக் குடுக்க முடியாது. கையாலயே சறுக்கிக்கிட்டு உள்ள போகணும், இடிக்கக் கூடாது, ஆனா உள்ள போனதும் சுத்துற பக்கமா ஆட்டம் இருக்கக் கூடாது. முன்பக்கம் டிஸ்க் பிரேக்கைப் பிடிக்கிற காலிப்பர் மேல படுதான்னு ஒரு முழு சுத்து சுத்திப் பாருங்க, ஸ்டீரிங்கை ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் திருப்பியும் பாருங்க.

சரின்னா டயர் போட்டு பேலன்ஸ் பண்ணிட்டு, ஸ்ப்ளைன்லயும் ரெண்டு சரிவுலயும் மரையிலயும் மெல்லிசா கிரீஸ் தடவுங்க. மெல்லிசான்னா மெல்லிசுதான், அள்ளிப் பூசினா ஓடும்போது வெளிய தெறிச்சு பிரேக்குல போயி சேரும். வீலை ஏத்தி நட்டைக் கையால பிடிக்கிற வரைக்கும் திருப்புங்க. இறுக்கும்போது வீல் தரையில படாம தூக்கியே இருக்கணும், ஒரு ஆள் பிரேக்கை அழுத்தணும். தரையில வச்சு இறுக்கினா காடியோட எடை வீலை ஒரு பக்கமா தள்ளி வச்சிருக்கும், சரிவுல நேரா உட்காராது, நமக்கு இறுகின மாதிரி தெரியும், பத்து கிலோமீட்டர் போனதும் லூஸ் ஆகிடும். செம்பு சுத்தியல், இல்லன்னா ஈய சுத்தியல்ல தட்டுங்க, இரும்பு சுத்தியல் வேணவே வேணாம், நட்டுல குரோம் போயி காது உடையும். தட்டத் தட்ட சத்தம் மந்தமா இருந்துக்கிட்டே வந்து ஒரு கட்டத்துல கெட்டியா, கணீர்னு மாறும், நட்டும் நகராது, அங்க நிப்பாட்டுங்க. எட்டு மூலை நட்டுன்னா அதுக்குன்னு உள்ள பெரிய ஸ்பேனரை மாட்டி அதுமேல தட்டணும்.

ஹப்பை மாத்துறதுன்னா

இதை வீட்டு போர்ச்சுல செய்யலாம், ஆனா ஆட்டத்தை அளக்குற டயல் கேஜ், இறுக்கத்தை அளந்து இறுக்குற டார்க் ரெஞ்ச், ஹப்பை இழுத்துக் கழட்டுற பெரிய புல்லர் இது மூணும் இல்லாம ஆரம்பிக்காதீங்க. இல்லன்னா பழைய பிரிட்டிஷ் காடி தெரிஞ்ச போர்மேன்கிட்ட குடுத்துட்டு பக்கத்துல நில்லுங்க, சான் சோ லின் பக்கம் தேடினா அந்தக் காலத்து ஆளுங்க இன்னும் இருக்காங்க.

முன்பக்கம் காலிப்பரைக் கழட்டி ஒரு கம்பியில கட்டித் தொங்க விடுங்க, பிரேக் ஹோஸ்ல தொங்க விடக் கூடாது. கிரீஸ் மூடி, ஸ்ப்ளிட் பின், நட்டு, வாஷர், இது எல்லாம் வந்ததும் ஹப்பு டிஸ்க்கோட சேர்ந்து வெளிய வரும். டிஸ்க்கைக் கழட்டி ஸ்டட்டு ஹப்புல மாட்டிக்கலாம். புது ஹப்புக்குப் புது பேரிங்கும் புது சீலும் போடுங்க, இங்க மிச்சம் பிடிக்காதீங்க. இப்ப கவனம். எம்ஜிபில ரெண்டு பேரிங்குக்கும் நடுவுல ஒரு நீள ஸ்பேசரும் மெல்லிசு மெல்லிசா ஷிம்மும் (தகடு வளையம்) இருக்கும். நம்ம ஊரு ஒர்க்‌ஷாப்ல சில பேரு ஜப்பான் காடி மாதிரி நினைச்சு ஸ்பேசரைத் தூக்கிப் போட்டுட்டு, நட்டை இறுக்கி கொஞ்சம் லூஸ் விட்டு ஸ்ப்ளிட் பின் போட்டுடுறாங்க. செய்யக் கூடாது. அந்த ஸ்பேசர் ஹப்பு மாட்டுற அச்சான ஸ்டப் ஆக்ஸிலுக்கே பலம் குடுக்கிற சாமான், வளைவுல திரும்பும்போது அந்த பலம் வேணும். முறை என்னன்னா, ஷிம்மை முதல்ல அதிகமா போட்டு மாட்டி, டயல் கேஜ் வச்சு ஹப்பை உள்ள வெளிய இழுத்துப் பாத்து, ஆட்டம் 0.002ல இருந்து 0.004 இன்ச்சுக்குள்ள வர்ற வரைக்கும் ஷிம்மை ஒண்ணு ஒண்ணா எடுக்கணும், மில்லிமீட்டர்ல சொன்னா 0.05ல இருந்து 0.10. நட்டு 40ல இருந்து 70 பவுண்ட் ஃபுட் வரைக்கும் இறுக்கலாம், ஸ்ப்ளிட் பின் ஓட்டை நேரா வர்ற இடத்துல நிப்பாட்டுங்க. பொறுமையான வேலை, ஒரு பக்கத்துக்கே அரை நாள் போகலாம்.

பின்பக்கம் உங்க ஆக்ஸில் எந்த வகைன்னு தெரியணும். பழைய ரோட்ஸ்டர்ல (திறந்த மாடல்) பான்ஜோ ஆக்ஸில், 1967 வாக்குல இருந்து சாலிஸ்பரி ட்யூப் ஆக்ஸில், ஜிடிக்கு (மூடின கூரை மாடல்) ஆரம்பத்துல இருந்தே ட்யூப். பின்னால போல்ட்டு போட்ட மூடி இருந்தா சாலிஸ்பரி. அதுல ஹப்பு நட்டு 150 பவுண்ட் ஃபுட், காடி தரையில நிக்கும்போதே லூஸ் பண்ணிடுங்க, ஜாக்குல ஏத்தி வச்சுட்டு அதோட மல்லுக்கட்டுறது ஆபத்து. ஹப்பு வந்ததும் எண்ணெய் சீலையும் மாத்துங்க, பிரேக் ட்ரமும் ஸ்டட்டு ஹப்புக்கு உள்ளதுதான் போடணும். பான்ஜோன்னா உள்ள சாமானே வேற, அதுல கை வைக்காம ஸ்ப்ளைன் அலாய் வழியிலயே போங்கன்னுதான் சொல்லுவேன்.

இங்கதான் நிறைய பேருக்குத் தெரியாத சங்கதி. வயர் வீலுக்குன்னு செஞ்ச பின் ஆக்ஸில் இரும்பு ரிம் ஆக்ஸிலை விட குறுகலானது. ஏன்னா ஸ்ப்ளைன் ஹப்பு வெளிய நீட்டிக்கிட்டு வரும், அதைச் சமாளிக்க ஆக்ஸிலைக் குறைச்சிருக்காங்க. அதுல ஸ்டட்டு ஹப்பு போட்டா ரிம் உள்பக்கமா போயிடும், ஸ்பிரிங் பக்கம் நெருங்கும், பின்பக்கம் இடுப்பு ஒடுங்கின மாதிரி தெரியும். அதனால இரும்பு ரிம் எம்ஜிபிக்குன்னு விக்கிற அலாயை அப்படியே வாங்கினா பின்னாடி சரியா உட்காராது. ஒண்ணு ஆக்ஸிலையே முழுசா மாத்தணும், அது இங்கிலாந்துல இருந்து வரணும், எடைக்கே கப்பல் கூலி நிறைய ஆகும். இல்ல அளந்து சரியான ஆஃப்செட் (ரிம் அகலத்தோட நடுக்கோட்டுக்கும் ஹப்பு மேல உட்கார்ற முகத்துக்கும் உள்ள தூரம்) உள்ள ரிம் வாங்கணும்.

அளக்குறது கஷ்டம் இல்ல. பின் ஆக்ஸிலுக்கு அடியில ஸ்டாண்டு வச்சு, ஓடும்போது நிக்கிற உயரத்துக்கே காடியைக் கொண்டு வாங்க. வீல் உட்கார்ற ஹப்பு முகத்துல நேரான இரும்புப் பட்டையை வச்சு, அங்கிருந்து உள்ள ஸ்பிரிங் வரைக்கும் எத்தன மில்லி, வெளிய மட்கார்டு மடிப்பு வரைக்கும் எத்தன மில்லின்னு குறிச்சுக்கோங்க. 185 டயர் 5.5 ஜே (அஞ்சரை இன்ச் அகல) ரிம்முல ஏறக்குறைய 190 மில்லி அகலம் நிக்கும், பாதி 95. அதோட ஆஃப்செட்டைக் கூட்டினா உள்பக்கம் டயர் எடுக்கிற இடம், கழிச்சா வெளிப்பக்கம் எடுக்கிற இடம். ஆஃப்செட் 20ன்னா உள்ள 115, வெளிய 75. ஆஃப்செட் 40ன்னா உள்ள 135, வெளிய 55. உங்க அளவுல ரெண்டு பக்கமும் பத்துப் பன்னெண்டு மில்லியாவது மிச்சம் இருக்கணும், ஆக்ஸில் மேலயும் கீழயும் ஆடுற காடி இது. ரெண்டு பக்கமும் தனித்தனியா அளங்க, எம்ஜிபில இடது பின்பக்கம் இடம் கம்மியா இருக்கிறது வழக்கம்.

லோக்கல் ரிம் ஆசை

கடையில ஒருத்தர் சொல்லுவாரு, "அண்ணே, எம்ஜிபி பிசிடி 114.3 தானே, இஸ்வாரா ரிம்மும் 114.3 தான், அப்படியே ஏறும்"னு. பிசிடின்னா ஸ்டட்டுங்க நிக்கிற வட்டத்தோட விட்டம், எம்ஜிபிக்கு அது நாலரை இன்ச், அதாவது 114.3 மில்லி, பழைய புரோட்டான் சாகா, இஸ்வாராவும் அதேதான், அவரு சொல்றது பொய் இல்ல. ஆனா இஸ்வாரா முன்சக்கர இழுவை காடி, அந்த மாதிரி ரிம்மோட ஆஃப்செட் பொதுவா 35, 40ன்னு நிக்கும், மேல போட்ட கணக்கைப் பாருங்க, டயர் எவ்வளவு உள்ள போகுதுன்னு தெரியும். நடு ஓட்டை எம்ஜி ஹப்புக்குப் போதுமான்னும் பாக்கணும். ஸ்டட்டும் வேற, எம்ஜிபிக்கு அரை இன்ச் யூஎன்எஃப், அதாவது 12.7 மில்லி, இன்ச்சுக்கு 20 மரை, இஸ்வாராவுக்கு 12 மில்லி மெட்ரிக். அந்த நட்டு இதுல ஏறாது. ஆஃப்செட்டைச் சரிக்கட்ட ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவுல ஸ்பேசர் போடலாம்பாங்க, ஸ்டட்டோட நீளத்தைத் தின்னுற வெறும் தட்டு ஸ்பேசரை நான் எந்தக் காடிக்கும் போடச் சொல்ல மாட்டேன்.

மிட்ஜெட்டுல இன்னும் மோசமான பொறி இருக்கு. அதோட பிசிடி நாலு இன்ச், 101.6 மில்லி. வீரா, மைவி ரிம்மெல்லாம் 100. வித்தியாசம் 1.6 மில்லிதான், தட்டி இறுக்கினா உட்கார்ந்த மாதிரியே தெரியும். ஆனா ஒவ்வொரு நட்டும் சரிவுல ஒரு ஓரமா மட்டும் பிடிச்சுக்கிட்டு நிக்கும், ஸ்டட்டு எப்பவும் வளைஞ்சே இருக்கும், மிட்ஜெட் ஸ்டட்டோ 3/8 இன்ச், சின்னது. ஓட ஓட லூஸ் ஆகும், இல்ல முறியும். ஹைவேல வீல் போனா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியது இல்ல. யாரு என்ன சொன்னாலும் இதைச் செய்யாதீங்க.

அதே மாதிரி கடைசல் கடையில ஹப்போட ஸ்ப்ளைனை வெட்டி எடுத்துட்டு, மிச்சத்துல ஓட்டை போட்டு ஸ்டட்டு அடிச்சுத் தரேன்னு சொல்ற ஆளுங்களும் உண்டு. அந்த ஹப்பு அதுக்குன்னு செஞ்சது இல்ல, அந்த இடத்துல தடிப்பும் இல்ல. சரியான ஹப்பு புதுசாவே கிடைக்குது, அதை வாங்குங்க.

பழைய ரிம் வாங்குறீங்கன்னா உள்பக்கத்துல ஜேடபிள்யூஎல், விஐஏ முத்திரை வார்ப்புலயே இருக்கான்னு பாருங்க, அது ஜப்பான் தரம். இங்கிலாந்து ரிம்முல அது இல்லாமலும் இருக்கலாம், அங்க பேர் தெரிஞ்ச கம்பெனியான்னுதான் பாக்கணும். 1960கள்ல வந்த அசல் மினிலைட் மெக்னீசியத்துல செஞ்சது, பாக்க ஆசையா இருக்கும், ஆனா மெக்னீசியம் உள்ளுக்குள்ள அரிச்சுப் போயி விரிசல் விடும், ரோட்டுல ஓட்ட அதை வாங்காதீங்க, அதே டிசைன் அலாய் போதும். பழசு எதா இருந்தாலும் பெயிண்ட் எடுத்துட்டு, விரிசல் காட்டுற செவப்பு சாய ஸ்ப்ரே அடிச்சு கைகளோட அடியையும் ஸ்டட்டு ஓட்டையைச் சுத்தியும் பாருங்க.

நட்டு விஷயம் சின்னதா இருந்தாலும் உயிர் அதுலதான். இரும்பு ரிம் நட்டை அலாய்ல போடக் கூடாது. சில அலாய்க்கு 60 டிகிரி சரிவு நட்டு, மினிலைட் மாதிரி சிலதுக்கு நேரான கழுத்து வச்ச நட்டும் வாஷரும், ரிம் விக்கிறவங்ககிட்டயே நட்டையும் சேத்து வாங்குங்க. அரை இன்ச் ஸ்டட்டுக்கு நட்டு குறைஞ்சது பத்து முழு சுத்து ஏறணும், கையால எண்ணிப் பாருங்க, அதுக்குக் குறைஞ்சா நீள ஸ்டட்டு போடணும். எம்ஜிபி மேனுவல் சொல்றது 60ல இருந்து 65 பவுண்ட் ஃபுட், ரிம் கம்பெனி வேற சொன்னா அதைக் கேளுங்க. டயர் கடையில ஏர் கன்னை எடுத்து டுர்ருன்னு அடிக்க விடாதீங்க, டார்க் ரெஞ்சைக் கையில குடுத்து குறுக்குக் குறுக்கா இறுக்கச் சொல்லுங்க, சங்கடப்படாதீங்க, உங்க காடி. ஹப்பு முகத்துல, ரிம் உட்கார்ற இடத்துல மட்டும் செம்பு கிரீஸ் லேசா, இல்லன்னா நம்ம ஈரத்துல அலாயும் இரும்பும் ஒட்டிக்கிட்டு அடுத்த தடவ வராது. மரையிலயும் நட்டு உட்கார்ற சரிவுலயும் தடவாதீங்க.

டயர்

பழைய அளவு 165 ஆர்14, முழு உயரம் ஏறக்குறைய 620 மில்லி. 5.5 ஜே ரிம்முக்கு 185/70 ஆர்14 போட்டா 615, கிட்டத்தட்ட அதே. 185/65 ஆர்14ன்னா 596, நாலு பர்சென்ட் குறையும். எந்தக் கடையிலயும் கிடைக்குதேன்னு 185/60 போட்டா 578தான், மீட்டர் நூறு காட்டும்போது நீங்க 93ல போயிட்டு இருப்பீங்க, ஹைவேல என்ஜினும் அதிகமா கத்தும், மட்கார்டுக்குள்ள டயர் தொலைஞ்ச மாதிரி நிக்கும். நான் 185/65க்கோ 185/70க்கோதான் போவேன், மட்கார்டு இடம் பாத்து. டயர் பழைய ஸ்டாக்கா இருக்கும், பக்கவாட்டுல உள்ள நாலு நம்பர் தேதியைப் பாருங்க, முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். அலாய்ல ட்யூப் வேணாம், வால்வு புதுசு போடுங்க, பேலன்ஸ் ஈயத்தை உள்பக்கமா ஒட்டச் சொல்லுங்க. ஸ்ப்ளைன் ரிம்மை பேலன்ஸ் மெஷின்ல சரிவுல பிடிக்கிற கோன் வச்சுத்தான் மாட்டணும், சும்மா நடு ஓட்டையில மாட்டினா நம்பர் தப்பா வரும்.

டயர் மட்கார்டுக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) ரோட் பிளாக்ல சம்மன் வரலாம், பேர் மாத்த புஸ்பாகோம் வண்டிப் பரிசோதனைக்குப் போகும்போதும் தொந்தரவு, அதனால வெளிப்பக்கம் அளவை மதிங்க. இன்சூரன்ஸ்ல காடிக்குத் தனியா விலை பேசி வச்சிருக்கீங்கன்னா ஏஜெண்டுகிட்ட ரிம் மாத்தினதைச் சொல்லி போட்டோவோட எழுதி வாங்கிக்கோங்க.

ஓட்டிப் பாக்குறது

முதல்ல உங்க தாமானுக்குள்ளயே (குடியிருப்புப் பகுதி) மெதுவா சுத்துங்க, ஸ்டீரிங்கை முழுசா வளைச்சு, பம்ப்ல ஏறி இறங்கி, ரெண்டு பேரை ஏத்தி. உரசல் சத்தம் கேட்டா அங்கேயே நிப்பாட்டி டயர் பக்கத்துல பளபளன்னு கோடு விழுந்திருக்கான்னு பாருங்க. நல்லா இருந்தா கொஞ்ச தூரம் போயிட்டு வந்து நாலு வீலையும் திரும்ப இறுக்குங்க, 50 கிலோமீட்டர்ல ஒரு தடவ, 200ல ஒரு தடவ. சென்டர் லாக்னா ஒவ்வொரு தடவையும் தூக்கி வச்சுத்தான் தட்டணும். இறுக்கினதும் நட்டுலயும் ரிம்முலயும் சேந்தாப்புல வெள்ளை பெயிண்ட் கோடு ஒண்ணு போட்டு வச்சா, நகர்ந்திருந்தா குனிஞ்சு பாத்தாலே தெரியும். அதுக்கு அப்புறம்தான் உலு யாம் வளைவுக்கு எடுத்துட்டுப் போங்க, ட்யூப் இல்லாத, வளையாத ரிம்முல ஸ்டீரிங் எவ்வளவு சுத்தமா பதில் சொல்லுதுன்னு அங்க தெரியும், அந்த சந்தோஷத்துக்குத்தான் இவ்வளவு பாடும்.

காடியோட பூட்டுல (பின்னாடி சாமான் வைக்கிற இடம்) உள்ள ஸ்பேர் வீலை மறந்துடாதீங்க. ஸ்டட்டு ஹப்புக்கு மாறிட்டா பழைய வயர் வீல் ஸ்பேர் எதுக்கும் ஆகாது, அஞ்சாவது ரிம்மும் வாங்கணும், அது பூட்டுல படுக்குமான்னும் பாக்கணும். சுத்தியலுக்குப் பதிலா புது நட்டு அளவு ஸ்பேனர் வேணும், சென்டர் லாக்லயே இருந்தா சுத்தியலும் ஜாக்கும் பூட்டுலயே கிடக்கணும். கழட்டின வயர் வீலையும் ஹப்பையும் வித்துடாதீங்க, துடைச்சு எண்ணெய் தடவி, இடது எது வலது எதுன்னு நட்டோட சேத்து சீட்டு எழுதிக் கட்டி, தரையில வைக்காம பலகை மேல வச்சு மூடிடுங்க. காடியை வாங்க வர்ற ஆளு முதல்ல கேக்கப் போறது அதைத்தான்.